மேகமலையில் மைக்ராஸ்கோப் விற்ற கதை

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பையன்கள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, வழவழவென்று கலர்ப் படம் அச்சடித்த புத்தகத்தை டாக்டர் மேசையில் விரித்து, படத்தை விற்கிறார்கள். சாமான் பிறகு லாரியில் வருகிறது. போன வாரம் அப்படி இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "சார், ரோடே இல்லாத காலத்துல மேகமலை வரைக்கும் போயி மைக்ராஸ்கோப் வித்தீங்களாமே, நிஜமா?" என்று கேட்டார்கள். நிஜம்தான். ஆமாம் என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் வெறும் "ஆமாம்" அந்த விற்பனைக்குப் போதாது. அதனால் டைப்ரைட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டு அடிக்கிறேன். நான் வேகமாக அடிக்கிறவன். ஒற்றுப் பிழைகளை நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள்.

மதுரையில் விலங்கியல் எடுத்து பி.ஏ. தேறினேன். தவளை அறுத்தவனுக்கு உத்தியோகம் கொடுக்க சர்க்கார் ஒன்றும் அவசரப்படவில்லை. சீமையிலிருந்து வைத்தியக் கருவிகளை வரவழைத்து விற்கும் கம்பெனி ஒன்று அங்கே இருந்தது, அதில் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடங்கில் உட்கார்ந்து, கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்து, வைக்கோலுக்குள்ளிருந்து கண்ணாடி சிரிஞ்சுகளை உடையாமல் எடுத்தேன். உடையாமல் எடுக்கப் பழகியதும், "தேனிக்குப் போ" என்றார்கள். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய சமாசாரம் இது. கெங்குவார்பட்டியிலிருந்து லோயர் கேம்ப் வரை என் எல்லை.

டாக்டர்களுக்கு என்ன வேண்டும் என்று கம்பெனி எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. நோயாளிகளுக்கு என்ன வேண்டும் என்பதை ஊர்தான் சொல்லிக் கொடுத்தது. கம்பத்தில் பெரிய சிரிஞ்சு வைத்திருக்கிற டாக்டர் பெரிய டாக்டர். மருந்து அடி மட்டத்தில் கொஞ்சமாகக் கிடந்தாலும் குழல் பெரிதாக இருக்க வேண்டும். சின்னக் குழலில் போட்டால், "இதுக்கா கம்பத்துக்கு வண்டி கட்டிக்கிட்டு வந்தோம்" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் சின்னதை விற்கும் முயற்சியையே விட்டுவிட்டேன்.

கெங்குவார்பட்டிப் பக்கத்தில் ஒரு டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கருவி வாங்கினார். அடுத்த முறை போனால் அதைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

"ஒருத்தனும் கையைக் குடுக்க மாட்டேங்கிறான்யா" என்றார்.

நான் நம்பவில்லை. அன்றைக்குத் தலைவலி என்று வந்த ஒரு சம்சாரியின் புஜத்தில் நானே பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். பட்டை இறுகத் தொடங்கியதும் அவர் கையை உருவிக்கொண்டார்.

"தலையை வலிக்குதுன்னு வந்தா கையைக் கட்டுறீக. நான் என்ன ஆட்டைக் களவாண்டுட்டா வந்திருக்கேன்?"

"ரத்தம் எம்புட்டு வேகத்துல போகுதுன்னு பாக்குறதுய்யா."

"அது போற வேகத்துல போகட்டும். டாக்டரய்யா, நீங்க மாத்திரையைக் குடுங்க."

பிறகு அந்த டாக்டரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு நோயாளிக்கு முன்னாலும் முதலில் தன் புஜத்தில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துக் காட்டிவிட்டு, அப்புறம்தான் அடுத்தவர் கையைத் தொடுவார். நாளெல்லாம் கட்டிக் கட்டி அவர் புஜத்தில் வளையம் மாதிரித் தடம் விழுந்துவிட்டது. கருவியோடு வரும் விளக்கத்தில் அந்த முறை கிடையாது. பெரியகுளம் வட்டாரத்தில் அதற்குப் பிறகு நான் விற்ற கருவிகளோடு அந்த யோசனையையும் சேர்த்தே விற்றேன்.

என் மேலதிகாரி ஏஜென்ட் நடேசன். மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்குவார். மூடிய கழுத்துக் கோட்டு, வெயிலிலும் கழற்றாத தலைப்பாகை. டாக்டர் நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார். உட்கார்ந்தவனுக்குக் காப்பி கொடுத்தால் போதும் என்று விட்டுவிடுவார்களாம். நிற்கிறவனை அனுப்ப எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டுமாம். எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். ஆனால் அவர் நின்ற இடத்தில் எல்லாம் வியாபாரம் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மைக்ராஸ்கோப் விற்பதற்கு அவரிடம் ஒரு பூஜை முறையே இருந்தது. போனதும் பெட்டியைத் திறக்க மாட்டார். நேர் வெயில் விழாத ஜன்னலாகத் தேடி, அதன் அருகே மேசையை இழுத்துப் போடச் சொல்வார். கருவியை வெளியே எடுத்துப் பட்டுத் துணியால் லென்ஸைத் துடைப்பார். அடியில் இருக்கும் வட்டக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைக் குழாய்க்குள் ஏற்றுவார். ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லின் மேல் ஒரு சொட்டு செடார் மர எண்ணெய் வைத்து, லென்ஸ் அந்த எண்ணெயைத் தொடும்வரை பக்கவாட்டில் குனிந்து பார்த்தபடி இறக்குவார். எல்லாம் பொருந்தியதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்வாங்கி, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். "வந்து பாருங்கள்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டரே எழுந்து வந்து, குனிந்து, திருகைத் தொட்டு, "அட" என்கிற வரை அப்படியே நிற்பார்.

அந்த "அட"வுக்குக் காரணம் ஸ்லைடு. மதுரையில் ஒரு நோயாளியிடம் எடுத்துச் சாயம் ஏற்றிய ரத்தம் அது. மலேரியாக் கிருமி பிறை பிறையாக ஊதா நிறத்தில் கிடக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கூட விரலால் சுட்டிக் காட்டிவிடலாம். தொழிலில் இருந்த எல்லோர் பெட்டியிலும் இப்படி ஒன்று உண்டு.

"நம்ம ஸ்லைடை மட்டும் காட்டு" என்பார் நடேசன். "அவங்க ஊர் ரத்தத்தை வச்சுப் பாத்துடாத. ஒண்ணும் தெரியலைன்னா மெஷின் மட்டம்பாங்க. தெரிஞ்சிருச்சுன்னா அந்த ஊர் வழக்குக்கு நீ சாட்சி ஆயிருவ."

மேகமலையில் ஓர் ஏலத் தோட்டம். அதற்கு ஆஸ்பத்திரி என்று ஒரு தகரக் கொட்டகை. டாக்டர் கிடையாது, கம்பவுண்டர் ஆரோக்கியம்தான் எல்லாம். ராயப்பன்பட்டிக்காரர். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பழகியவர், ரத்தம் எடுத்துச் சாயம் ஏற்றிக் கிருமி பார்க்கத் தெரிந்தவர். பார்ப்பதற்குத் தோட்டத்தில் கருவிதான் இல்லை. அவர் மானேஜரை நச்சரித்து என்னை வரவழைத்திருந்தார். சின்னமனூரிலிருந்து பொதிக் கழுதைக்காரர்களோடு ஏறினேன். மைக்ராஸ்கோப்பைக் கழுதை மேல் ஏற்ற எனக்குச் சம்மதமில்லை. தோள் மாற்றித் தோள் மாற்றி நானே தூக்கிக்கொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது கொட்டகை வாசலில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. மானேஜர் சங்கரலிங்கம் காக்கி அரைக்கால் சட்டையும் பூட்சும் தொப்பியுமாக நின்றார். சின்னமனூரில் நிலபுலன் உள்ள குடும்பம். அவர் முன்னால் பெருமாள் என்கிற தொழிலாளி. கொஞ்சம் தள்ளிப் பெருமாளின் மனைவி மூக்கம்மா.

"ஏலே, நேத்து எந்திரிக்க முடியலைன்னு சுருண்டு கிடந்த. இன்னைக்குக் கல்லுத்தூணு மாதிரி நிக்கிற. முந்தாநாளும் இப்படித்தான் நின்ன. அதுக்கு முந்துன நாளு படுத்துட்ட. காய்ச்சல் என்ன உனக்கு முறை வச்சுக்கிட்டா வருது?"

"முறை வச்சுத்தாங்க வருது" என்றார் பெருமாள்.

ஆரோக்கியம் குறுக்கே வந்தார். "மலேரியான்னா ஒண்ணு விட்டு ஒருநாள் அப்படித்தான் வரும் சார். இங்கன வர்றதுக்கு முன்னாடி இவரு லோயர் கேம்ப்புல வாய்க்கா வேலையில இருந்தாரு. அங்கன புடிச்சிருக்கும்."

"இந்த உசரத்துல கொசு ஏதுய்யா? குளிர்லயே செத்துப்போகும்."

"கொசு இங்கன வரவேணாம் சார். அதான் இவரு வந்துட்டாரே."

மானேஜருக்கு அது ரசிக்கவில்லை. பெருமாளைப் பார்த்து இன்னும் நாலு பேர் படுக்கத் தொடங்கிவிட்டார்கள், ஏலக்காய் பறிக்கிற நேரத்தில் தோட்டம் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. பெருமாளின் சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தில் புருஷன் சீட்டைக் கிழித்தால் மனைவிக்கும் வேலை கிடையாது, அன்றைக்கே தோட்டம் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கீழே அவர்களுக்கு வீடு இல்லை.

மானேஜர் என் தோளில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"நீதானா அந்த மெஷின்காரன்? நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்க. இவன் ரத்தத்துல பூச்சி தெரிஞ்சா இவன் இருக்கட்டும், மெஷினையும் வாங்கிக்கிறேன். தெரியலைன்னா இவனும் இறங்கட்டும், நீயும் இறங்கு."

நடேசன் வேண்டாம் என்றது இதைத்தான். ஆனால் நடேசன் மதுரையில் இருந்தார். நான் விலங்கியல் பி.ஏ. சரி என்றேன். ஆரோக்கியமும் சரி என்றார். மூக்கம்மாவை யாரும் கேட்கவில்லை. அவர் படியில் உட்கார்ந்துகொண்டார்.

கருவியை ஜன்னலோரம் வைத்தேன். அந்த ஊருக்குப் பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. ஜன்னல் முழுக்க மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் குழாய்க்குள் சாம்பல் நிறம்தான். காத்திருந்தோம். மேகம் விலகி வெளிச்சம் விழுந்ததும் என் ஸ்லைடை வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். மானேஜர் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது யாரு ரத்தம்?"

"மதுரையில எடுத்தது சார். காட்டுறதுக்காக வச்சிருக்கோம்."

"ஓகோ. பூச்சியையும் கையோட கொண்டாந்துட்டியா." நிமிர்ந்தார். "அப்ப இவன் ரத்தம்னு சொல்லி இதையே மறுபடி வச்சாலும் எனக்குத் தெரியவா போகுது? நீ விக்கணும், கம்பவுண்டருக்கு மெஷின் வேணும். ரெண்டு பேரும் ஒண்ணு. ரத்தத்தை நான் எடுக்கிறேன். எப்படின்னு மட்டும் சொல்லு."

ஆரோக்கியம் சொல்லிக் கொடுத்தார். ஊசியால் விரல் நுனியில் ஒரு குத்து. ஊறி வரும் சொட்டைச் சுத்தமான சில்லில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு சில்லைச் சாய்த்துப் பிடித்து, அந்தச் சொட்டை ஒரே இழுப்பில் மெல்லிய படலமாக இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் திட்டுத் திட்டாகிவிடும். மானேஜர் சில்லுகளையும் ஊசியையும் வாங்கிக்கொண்டு பெருமாளைத் தன் ஆபீஸ் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலில் பெருமாள் விரலைப் பஞ்சால் அழுத்தியபடி வெளியே வந்தார். மானேஜர் கொஞ்சம் கழித்து வந்தார்.

"இந்தா. பெருமாள் ரத்தம்."

படலம் தடிமனாக இருந்தது. முதல் தடவைக்கு மோசமில்லை. ஆனால் அந்த ஈரக் காற்றில் காயவில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு எடுத்துப் போனோம். உள்ளே அடுப்புச் சூடு தரையோடு ஓடிக்கொண்டிருக்கும். வாசனை மூக்கைத் துளைக்கும். பச்சை ஏலக்காய் பரப்பிய தட்டுக்குப் பக்கத்தில் ரத்தச் சில்லையும் வைத்துக் காயவிட்டோம். மானேஜர் அதை விட்டு அசையவில்லை. காய்ந்ததும் ஆரோக்கியம் சாயத்தை ஊற்றி ஊறவிட்டு, பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரால் அலசி, மறுபடி காயவைத்தார். எல்லாவற்றையும் மானேஜர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

வெளிச்சம் நன்றாக விழுந்தபோது ஆரோக்கியம் உட்கார்ந்தார். சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். ஓரத்துக்குப் போய் ஒரு வரி கீழே இறங்கி மறுபடி திரும்பி வந்தார், உழுகிற மாதிரி. மூக்கம்மா படியிலிருந்து எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆரோக்கியத்தின் கை நின்றது. நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், பிறைகள்.

"மலேரியாதான் சார்" என்றார் ஆரோக்கியம்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"மெஷின்காரரு?"

"நானும் பாத்தேன் சார்."

மானேஜர் சிரித்தார். இடது கையை மேசை மேல் மல்லாத்தி வைத்தார். நடுவிரல் நுனியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அது என் ரத்தம்யா. பெருமாளோடதைத் தொடச்சு அங்கனயே போட்டுட்டேன். எவன் ரத்தத்தை வச்சாலும் பூச்சி இருக்குன்னுதான் சொல்லுவீகன்னு எனக்குத் தெரியும். மாட்டிக்கிட்டீகளா?"

ஆரோக்கியம் கோபப்படவில்லை. மானேஜர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"வந்து பாருங்க சார்."

மானேஜர் வந்து பார்த்தார். என் ஸ்லைடை வைக்கச் சொல்லிப் பார்த்தார். திரும்பத் தன்னுடையதை வைக்கச் சொல்லிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"வேட்டைக்குப் போனா அடிவாரத்துல தங்குவீங்கள்ல சார்?" என்றார் ஆரோக்கியம்.

"தங்குவேன்."

"சாயந்தரத்துல தலை கனக்குமா?"

"வெயில்னு நினைச்சேன்." குரல் இறங்கியிருந்தது. "எத்தனை நாளா இருக்கும்?"

"சொல்ல முடியாது சார். காய்ச்சல் இல்லாமயே உள்ள கிடக்கும். கொயினா மாத்திரை சாப்பிட்டாச் சரியாப்போகும்."

வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கருவி பொய் சொல்லவில்லை என்பதற்கு மானேஜரின் விரலே சாட்சி. ஆரோக்கியமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். புதுச் சில்லு ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"பெருமாளுக்கும் ஒருதடவை எடுத்துப் பாத்துருவோம் சார்."

"எதுக்கு?" என்றார் மானேஜர். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "எனக்கும் இது இருக்குல்ல? ஒருநாளாவது படுத்தேனா? காலையில ஆளெடுத்தேன், காட்டைச் சுத்தி வந்தேன், உங்ககூட நின்னு வாதாடிக்கிட்டு இருக்கேன். பூச்சி இருக்கிறவன் வேலை பாக்கலாம்னு உங்க மெஷினே சொல்லுதே."

"உடம்புக்கு உடம்பு வேற சார். உங்களுக்கு அடங்கிக் கிடக்கு. அவருக்கு இன்னும் ஆடுது."

"அப்ப அவனும் அடக்கிக்கிடட்டும்."

வாசலில் இருந்து மூக்கம்மா பேசினார். "பூச்சி தெரிஞ்சா இருக்கலாம்னு சொன்னீகளே சாமி."

"இவன் ரத்தத்துல தெரிஞ்சா இருக்கலாம்னேன் ஆத்தா. தெரிஞ்சது என் ரத்தத்துல."

ஆரோக்கியம் அதற்கு மேலும் பேசிப் பார்த்தார். மானேஜர் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பினார். "மெஷின் நல்ல மெஷினுய்யா. வச்சுட்டுப் போ." அந்த வட்டாரத்தில் நான் விற்ற முதல் மைக்ராஸ்கோப் அது. மானேஜர் அன்றைக்குச் சாயந்தரமே ஆரோக்கியத்திடம் வந்து கொயினா வாங்கிச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரியில் தண்ணீர் கேட்டு வாங்கி அங்கேயே நின்று விழுங்கினார்.

மறுநாள் காலை கழுதைகள் ஏலக்காய் மூட்டையோடு இறங்கின. நானும் இறங்கினேன். தோளில் பாரம் இல்லை. பெருமாளும் மூக்கம்மாவும் ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, துணியில் கட்டிய பாத்திரங்களோடு கூடவே வந்தார்கள். ஆரோக்கியம் கொடுத்த கொயினாப் பொட்டலம் மூக்கம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தது.

அன்றைக்குப் பெருமாளுக்குக் காய்ச்சல் முறை. பாதி மலையில் ஒரு திருப்பத்தில் நடுக்கம் வந்துவிட்டது. பாறையில் உட்கார வைத்தோம். மூக்கம்மா பாயை விரித்து, இருந்த துணியை எல்லாம் அவர் மேல் போட்டு, தானும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். பல்லோடு பல் அடிக்கிற சத்தம் கேட்டது. கழுதைக்காரர்கள் நிற்காமல் போனார்கள்.

"சார், அந்தக் குழாயில பாத்தீகளே" என்றார் மூக்கம்மா. "இவுகளுக்கு இருக்கா, இல்லையா?"

"தெரியாதும்மா. இவரு ரத்தத்தை யாரும் பாக்கல."

துணிகளுக்குள்ளிருந்து பெருமாளின் கை வெளியே வந்தது. விரல் நுனியில் குத்திய புள்ளி கறுத்திருந்தது.

"குத்துனாகளே" என்றார்.

"குத்துனாக. வச்சுப் பாக்கல."

"அப்ப இப்பப் பாருங்க. நடுங்குறப்ப எடுத்தா நல்லாத் தெரியும்னு கம்பவுண்டரு சொன்னாரு."

கம்பவுண்டர் சொன்னது சரி. கை எனக்கு நேரே நீட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது. மெஷினை மேலேயே விற்றுவிட்டேன் என்று சொன்னேன். பெருமாள் கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார்.